போலீஸ் மீது கொடுத்த புகார் போலீஸிடமே திரும்பி வரும்போது

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் செய்து தருவேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் கடை திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று மனுக்கள் வரும். அவற்றுக்கு நடுவே போலீஸ் மீதான மனுக்களும் வரும். ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள், புகாரை வாங்க மறுத்தார்கள், வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார்கள், இடத்தகராறில் எதிராளிக்காகக் கட்டப் பஞ்சாயத்து செய்கிறார்கள்.

இந்த மனுக்கள் போகும் பாதை எனக்கு மனப்பாடம். ஆட்சியர் அலுவலகத்தில் சீல் வைத்து எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு, டி.எஸ்.பி.யிடமிருந்து இன்ஸ்பெக்டருக்கு. கொஞ்ச நாள் கழித்து, யார் மீது புகாரோ அவர் உட்கார்ந்திருக்கும் அதே ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: "மனு குடுத்திருக்கீங்களாமே, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." பயந்துபோய் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். "மனுதாரர் மேல் நடவடிக்கை தேவையில்லை என எழுதிக் கொடுத்துள்ளார்" என்ற ஒற்றை வரியோடு மனு முடிந்துவிடும்.

ஆகவே என் அக்கா மகனை ஸ்டேஷனில் வைத்து அடித்தபோது ஒரு விஷயத்தில் நான் தெளிவாக இருந்தேன். மனு எப்படியும் போலீஸிடம் திரும்பி வரத்தான் போகிறது. அது வருவதற்குள், போலீஸ் கைக்குப் போகாத காகிதங்களை எவ்வளவு சேர்க்க முடியுமோ அவ்வளவு சேர்த்துவிட வேண்டும். அவற்றை எப்படிச் சேர்த்தோம், எது கடைசியில் உதவியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2021 கடைசி, மழைக்காலம். அவன் குட்டியானை ஓட்டுகிறான். ஒரு கடையில் பேட்டரிகள் திருடு போயிருந்தன. அந்தக் கடைக்கு இவன் லோடு அடித்திருந்தான். ராத்திரி மஃப்டியில் வந்தவர்கள் "சின்ன விசாரணை, பத்து நிமிஷம்" என்று அழைத்துப்போனார்கள். மறுநாள் மத்தியானம்தான் விட்டார்கள். வழக்கு இல்லை, கைது இல்லை, சம்மன் இல்லை. அவன் அங்கே இருந்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான். முதுகில் லத்தியின் தடம் அப்படியே இருந்தது.

"உசுரோட விட்டுட்டாங்கல்ல தம்பி, அது போதும்" என்றாள் அக்கா. அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்த நாளும் அதே தெருவில், அதே ஸ்டேஷன் எல்லையில்தான் அவர்கள் வாழ வேண்டும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அடிபட்டவரும் வீட்டாரும்தான் முடிவு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வீரம் பேசுகிறவர்கள் செய்யக் கூடாது. ஆனால் ஒன்று சொன்னேன்: "புகார் கொடுக்கலாமா வேண்டாமான்னு மெதுவா யோசிப்போம்க்கா. ஆஸ்பத்திரிக்கு இப்பவே போயிடுவோம். அதுக்கு அப்புறம் யோசிக்க நேரம் கிடைக்கும், காயம் ஆறினா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது." அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இறங்கி வந்தாள்.

ஆஸ்பத்திரி என்றால் அரசு ஆஸ்பத்திரிதான். தனியார் ஆஸ்பத்திரியில் "இது போலீஸ் கேஸ்" என்று சொல்லி நழுவப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் வெறும் மாத்திரைச் சீட்டு தருவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டர் கேட்பார். அங்கே நோயாளி வாயால் சொல்லும் முதல் வாக்கியம் பின்னால் எல்லா இடத்திலும் வந்து நிற்கும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் வாசலிலேயே புறக்காவல் நிலையம் இருக்கும். அங்கிருந்த ஒருவர் எங்களிடம் அன்பாகவே சொன்னார்: "வண்டியிலருந்து விழுந்தேன்னு சொல்லிடுங்க, சீக்கிரம் பாத்துடுவாங்க." சொல்லக் கூடாது. இன்ன ஸ்டேஷனில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, காவலர்கள் லத்தியால் அடித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் அடையாளம். எங்கள் நல்ல நேரம், பணியில் இருந்த டாக்டரம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதினார். ஒவ்வொரு காயத்தையும் அளவோடு எழுதினார். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார். உள்நோயாளியாகச் சேர்த்தும்கொண்டார். புறநோயாளிச் சீட்டைவிட டிஸ்சார்ஜ் சம்மரிக்கு மதிப்பு அதிகம். சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

போட்டோ எடுக்கும்போது வெறும் காயத்தை மட்டும் எடுக்காதீர்கள். முகமும் காயமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். மூல போட்டோவை அழிக்காமல், வாட்ஸப்பில் அனுப்பிய பிரதியை நம்பாமல், அந்த போனையே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லிக் கொடுக்காமலேயே அக்கா மகள் ஒரு காரியம் செய்திருந்தாள். அண்ணனை அழைத்துப்போன ராத்திரி, ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு 100-க்கு போன் செய்து, "எங்க அண்ணனை உள்ளே வச்சிருக்காங்க, எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். கட்டுப்பாட்டு அறையிலிருந்து எந்த உதவியும் வரவில்லை. ஆனால் அந்த அழைப்பு அவள் போனில் நேரத்தோடு பதிவாகியிருந்தது, அந்தப் பக்கமும் பதிவாகியிருக்கும். "அப்படி ஒருவர் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை" என்று பின்னால் எழுதப்பட்டபோது எங்கள் பக்கம் இருந்த முதல் பதில் அந்த அழைப்புதான். ஆளை அழைத்துப் போனால் உடனே 100 அல்லது 112-க்கு அடியுங்கள். வக்கீல் இல்லாவிட்டால் 15100-க்கும் அடிக்கலாம், அது தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

அடுத்தது கேமரா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்த பிறகு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி மாஜிஸ்திரேட் ஒருவர் அந்த ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தார். அங்கே கேமரா இருந்தது. போதுமான சேமிப்பு வசதியும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி அதை அமைத்து வைத்திருந்தார்கள். அவர் கொடுத்த அறிக்கையில் இது வெளியே வந்தது. தடயங்களைக் காப்பாற்ற, ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம், கழிப்பறைக்கு வெளியே என்று ஒரு பகுதியும் விடுபடாமல் கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த அளவு வசதி சந்தையில் கிடைக்காத இடத்தில்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது. இவற்றைக் கண்காணிக்க மாவட்டத்துக்கு ஒரு குழு வேண்டும். அதில் ஆட்சியரும் எஸ்.பி.யும் இருப்பார்கள், கூடவே மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சியின் தலைவர் அல்லது மேயர், ஊரகப் பகுதி என்றால் மாவட்ட ஊராட்சித் தலைவர் இருப்பார். கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பதோடு இந்தக் குழுவின் வேலை முடிவதில்லை. யாரும் புகார் கொடுக்காத மனித உரிமை மீறல் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பதிவுகளை எடுத்துப் பார்ப்பதும் அதன் கடமை என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவர் ஸ்டேஷன் கேமரா பதிவைப் பார்க்கும் இடத்தில் உட்காரலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையுள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோரி ஒரு கடிதம் அடித்தோம். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, மாவட்டக் குழுவில் இருப்பவர் என்ற முறையில் ஆட்சியருக்கு ஒன்று. மூன்றும் ஸ்பீட் போஸ்ட்டில் போயின, மின்னஞ்சலிலும் போயின. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே அனுப்பிவிட்டோம். முழுப் புகார் எழுத நேரம் எடுத்துக்கொள்ளலாம், கேமரா கடிதத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அது ஒரே பக்கம் இருந்தால் போதும்.

தெருக் கேமராக்களையும் விடவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உள்ள கடைகளின் கேமராவில் பழைய பதிவு சில நாட்களிலேயே அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும். அவனை ஏற்றிப்போன வண்டி ஒரு பேக்கரி கேமராவில் பதிவாகியிருந்தது. கடைக்காரர் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார். அப்படி வாங்கும்போது, எந்தக் கருவியிலிருந்து, யார், எப்போது எடுத்தார்கள் என்று ஒரு சான்றிதழும் வாங்கிவிடுங்கள். முன்பு அதை 65பி சான்றிதழ் என்பார்கள். 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சாட்சிய சட்டத்தில் அது 63ஆவது பிரிவு. சான்றிதழ் இல்லாத வீடியோவைக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே ஓரங்கட்டப் பார்ப்பார்.

ஸ்டேஷனிலிருந்து வந்த பதில் நாங்கள் எதிர்பார்த்ததுதான்: அந்த நாளில் கேமரா பழுது.

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்து விடுகிறார்கள். சைனி தீர்ப்பை நான் இரண்டாவது தடவை பொறுமையாகப் படித்தபோது ஒரு பத்தி கண்ணில் பட்டது. கேமரா பழுதானால் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அது மட்டும் போதாது. பழுதாக இருந்த நாட்களில் யாரைக் கைது செய்தார்கள், யாரை விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். சரி, அதைக் கேட்போம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) இரண்டு மனு போட்டோம். எஸ்.பி. அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம், பழுது பற்றி அனுப்பிய அறிக்கையின் நகல் கேட்டோம். ஆட்சியர் அலுவலகத்தில், அப்படி ஓர் அறிக்கை வந்ததா என்று கேட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகம், அப்படி எந்த அறிக்கையும் பெறப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் தந்தது. எங்கள் கோப்பிலேயே கனமான காகிதம் அந்த ஒற்றை வரிதான். கேமரா உண்மையில் ஓடியிருந்தால் பதிவை மறைத்திருக்கிறார்கள். ஓடவில்லை என்றால் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. எந்தப் பக்கம் போனாலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஒரே கேள்வியை இரண்டு அலுவலகங்களில் கேட்பதை இப்போது கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனி முக்கியமான கேள்விக்கு வருகிறேன். போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் அல்லாத ஒருவர் விசாரிக்க நம் மாநிலத்தில் என்ன இருக்கிறது?

2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளை இட்டது. மாநில அளவில் ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று காவல் புகார் ஆணையங்கள் அமைக்க வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருப்பார். டி.எஸ்.பி. வரைக்குமான அதிகாரிகள் மீதான புகார்களை அது விசாரிக்கும். அதன் பரிந்துரை சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். வழக்குப் போட்டவரே ஓய்வு பெற்ற ஒரு டி.ஜி.பி. என்பதைச் சொல்ல வேண்டும். காவல்துறைக்கு உள்ளே இருந்தவர்களுக்கே இது அவசியம் என்று தெரிந்திருந்தது.

தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாவட்டப் புகார் ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும். மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். நீதிபதி எங்கும் இல்லை. இதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. பக்கத்தில் கேரளத்தில் 2011ஆம் ஆண்டுக் காவல் சட்டப்படி ஓய்வு பெற்ற நீதிபதிகள்தான் தலைவர்கள். அந்த ஆணையங்களுக்கும் குறைகள் உண்டு, ஆனால் ஸ்டேஷனில் அடிபட்டவர் ஒரு நீதிபதியின் முன்னால் நின்று பேச முடிகிறது. இங்கே ஆட்சியரிடம் பேசும்போது அவர் பக்கத்து நாற்காலியிலேயே, புகாருக்கு உள்ளானவர்களின் மேலதிகாரி உட்கார்ந்திருப்பார். ஆட்சியர்கள் நேர்மையானவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜாதிக் கலவரம் என்றாலும், தேர்தல் என்றாலும், திருவிழாப் பாதுகாப்பு என்றாலும் எஸ்.பி. இல்லாமல் ஆட்சியருக்கு ஒரு நாள்கூட ஓடாது. அவரைப் பகைத்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள் மீதான புகாரைத் துருவ எத்தனை பேருக்கு மனம் வரும்?

இவ்வளவு தெரிந்தும் மாவட்ட ஆணையத் தலைவர் என்று குறிப்பிட்டே ஆட்சியருக்கு மனு கொடுத்தோம். வெறும் குறைதீர் மனுவாகப் போவதற்கும், ஒரு சட்டத்தின் பெயரைச் சொல்லிப் போவதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதை அலுவலக உதவியாளரே பிரித்து அனுப்பிவிடலாம். இரண்டாவதற்குக் கோப்பு திறக்க வேண்டும். மனுவின் கடைசியில் ஒரு கோரிக்கை சேர்த்தோம்: இந்த மனுவை அதே உட்கோட்டத்தில் உள்ள எந்தக் காவல் அதிகாரிக்கும் அனுப்பாமல், கோட்டாட்சியர் மூலமாக விசாரிக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் 2023இல் விசாரணைக்கு அழைத்துப்போனவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்தபோது முதலில் விசாரித்தவர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர்தான். வருவாய்த் துறை விசாரணை என்பது நம் ஊரில் பழகிய வழிதான், கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

எங்களுக்கு அது கிடைக்கவில்லை. டி.எஸ்.பி. விசாரணைதான் வந்தது. ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்தது. நாங்கள் போகவில்லை. வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. "எழுத்தில் அழைப்பாணை அனுப்புங்கள், யார் மீது புகாரோ அவர்கள் பணிபுரியும் இடத்துக்கு வருவதில் அச்சம் உள்ளது, வேறு அலுவலகத்தில் வக்கீலுடன் வந்து வாக்குமூலம் தரத் தயார்" என்று கடிதம் அனுப்பினோம். இந்தக் கடிதம் எல்லோருக்கும் தேவைப்படும். போகாமல் இருந்துவிட்டால், மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். போனால் என்ன ஆகும் என்று மேலேயே சொன்னேன். கடைசியில் டி.எஸ்.பி. அலுவலகத்திலேயே வாக்குமூலம் வாங்கினார்கள். தமிழில் எழுதி, படித்துக் காட்டி, நகல் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். காலி இடம் விட்ட தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

இதற்கு நடுவே சமாதானத் தூது வந்தது. கடைவீதியில் மரியாதையான ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்து, "ஆஸ்பத்திரிச் செலவை நான் வாங்கித் தர்றேன்ம்மா, பையனுக்கு நாளைக்கு வண்டி ஓட்ட வேண்டாமா?" என்றார். அப்புறம் பேக்கரிக்காரரிடம், கடை வாசலில் வண்டி நிற்பது பற்றி விசாரித்தார்கள். யாரும் மிரட்டியதாகச் சொல்ல முடியாதபடிதான் எல்லாமே நடக்கும். அம்பாசமுத்திரத்திலும் முதலில் பேசியவர்களில் சிலர் பிறகு பின்வாங்கியதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அவர்களைக் கோழைகள் என்று பேசியதைக் கேட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. சாட்சியைக் காப்பாற்ற எந்த ஏற்பாடும் இல்லாத ஊரில், சாட்சி பின்வாங்குவது அவர் குற்றம் ஆகாது. ஆளை நம்பாமல் காகிதத்தை நம்புங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஏ.ஆர். காப்பியிடமும் ஆட்சியர் அலுவலக ஒற்றை வரியிடமும் யாரும் தூது போக முடியாது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதினோம். கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, சென்னை கிரீன்வேஸ் சாலை முகவரிக்குத் தபாலில் அனுப்பினாலே போதும். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு என் கடைக்கு வந்தவர்களைப் பார்த்தால் மனம் கனத்துவிடும். டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்கும் சேர்த்து அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதை இன்னொன்று விசாரிக்காது, இரண்டுக்கும் அனுப்பினால் குழப்பம்தான். ஆணையம் முதலில் பெரும்பாலும் எஸ்.பி.யிடம் அறிக்கை கேட்கும். அந்த அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் புகாரிலேயே, ஆணையத்தின் சொந்த விசாரணைப் பிரிவு மூலமோ ஆணையம் நேரடியாகவோ விசாரிக்க வேண்டும் என்று கேளுங்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் ஆணையத்துக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. சைனி தீர்ப்பின்படி ஸ்டேஷன் கேமரா பதிவையும் வரவழைக்கலாம்.

விசாரணைக்கு வந்தபோது அவன் மூன்று காகிதங்களை நீட்டினான்: ஏ.ஆர். காப்பி, 100-க்கு அழைத்த பதிவு, கேமரா பற்றிய ஆட்சியர் அலுவலகப் பதில். எதிர்த்தரப்பு, அவன் ஸ்டேஷனுக்கே வரவில்லை என்று முதலில் எழுதியிருந்தது. பேக்கரி வீடியோ வந்த பிறகு, வந்தான் ஆனால் அடிக்கவில்லை என்று மாறியது. அந்த மாற்றமே பாதி வேலையை முடித்துவிட்டது. இழப்பீடு தரவும், அதைச் சம்பந்தப்பட்டவர்களிடமிருந்து பிடித்தம் செய்யவும், துறை நடவடிக்கை எடுக்கவும் ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரை என்றதும் வெறும் காகிதம்தானே என்று சிலர் சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இழப்பீடு வந்தது. துறை நடவடிக்கை என்ன ஆனது என்பது ஆர்.டி.ஐ.யில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 3(பி) மெமோ, அதாவது துறை நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுத்தார்களா, கொடுத்தால் முடிவு என்ன என்று கேட்டிருக்கிறோம். அதைக் கேட்காமல் விட்டால் அது அப்படியே கிடந்துவிடும்.

குற்ற வழக்கும் போட வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 173(4)இன்படி எஸ்.பி.க்கு எழுத வேண்டும், அதற்கும் பயனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அரசு ஊழியர் பணியின்போது செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் என்றால், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் பார்த்த பிறகே மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிட 175(4) வழி செய்கிறது. இது முன்பு இல்லாத தடை. இதற்கு நல்ல வக்கீல் வேண்டும். ஆளை ரிமாண்டுக்குக் கொண்டுபோனால், மாஜிஸ்திரேட் முன்னால் சட்டையைத் தூக்கிக் காயத்தைக் காட்டி, அடித்தார்கள் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று மாவுக்கட்டுடன் பத்திரிகைகளில் வரும் படங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி, நகைத் திருட்டு விசாரணை என்று அழைத்துப்போன தனிப்படையிடம் அடிபட்டு இறந்தார். அங்கேயும் வழக்குப் பதிவுக்கு முன்பே அடி, மஃப்டி ஆட்கள், ஸ்டேஷனுக்கு வெளியே ஓர் இடம். யாரோ ஒருவர் மறைவிலிருந்து எடுத்த வீடியோ இல்லாவிட்டால் அதுவும் வேறு கதையாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டேஷனுக்கு வெளியே வைத்து அடித்தால் எந்தக் கேமராவும் உதவாது என்பது உண்மை. அதனால் ஸ்டேஷன் கேமராவை விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. ஆளை ஸ்டேஷனுக்குள் கொண்டுவரவே இல்லை என்று காட்டவும் அந்தப் பதிவுதான் வேண்டும்.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். மாவட்டக் கேமரா கண்காணிப்புக் குழு எப்போது கூடியது, யார் யார் வந்தார்கள், எந்தெந்த ஸ்டேஷனில் கேமரா எத்தனை நாள் ஓடவில்லை என்று ஆர்.டி.ஐ.யில் கேட்கிறோம். கிடைக்கிற பதில்களை எங்கள் நகர்மன்ற உறுப்பினர்களிடம் கொடுக்கிறோம். குழுவில் உள்ளாட்சித் தலைவருக்கும் இடம் உண்டு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்ததும் ஓர் உறுப்பினரம்மா, "அப்ப நாங்க கூட்டத்துல கேக்கலாமா?" என்றார். கேட்கலாம். உங்கள் ஊரிலும் கேட்கலாம். மனுவின் மாதிரி வேண்டுமென்றால், மேலே சொன்ன தீர்ப்பின் பெயர், தேதி, ஸ்டேஷன் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்ற விவரம், பத்து ரூபாய் ஸ்டாம்ப். அவ்வளவுதான் மாதிரி.